எட்டு மணி நேர விமானி

இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கும் நான், வாழ்க்கையில் போட்ட ஒரே பெரிய கணக்கைத் தப்பாகப் போட்டேன். விமானி ஒரு மணி நேரம் பறந்தால் இவ்வளவு சம்பளம் என்று இணையத்தில் எங்கோ பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்காரன் புத்தி, அதை எட்டால் பெருக்கி, வந்ததை முப்பதால் பெருக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. அந்தத் தொகையை நம்பி, காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் பாதியை விற்று, மகளை வடக்கே விமானப் பயிற்சிக்கு அனுப்பினேன். அதோடு நின்றிருக்கலாம். மாதா கோயில் திருவிழாவில் சர்பத் குடித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் தொகையைச் சொல்லியும் வைத்தேன்.

மகள் உரிமத்தோடு திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது. உரிமம் பீரோவில் இருக்கிறது. மகள் மொட்டைமாடியின் ஒரு மூலையில் இருக்கிறாள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மணி அடித்தால் கீழே நான் சோற்றில் கை வைத்தபடி காது கொடுப்பேன். பெரும்பாலும் காலர் டியூன் வைக்கச் சொல்லும் பதிவுக் குரல்தான். பறக்காமலே இருந்தால் உரிமமும் ஒருநாள் காலாவதியாகிவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்குச் சோறும் இறங்குவதில்லை.

வேலைதான் வரவில்லையே தவிர, என் தொகை வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தேனி ஏலக்காய் வியாபாரி ஒருவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். உட்கார்ந்ததுமே, பாப்பாவுக்கு மாதம் அவ்வளவு வருமாமே என்று சில்லறை பிசகாமல் சொன்னார். அடுப்படியிலிருந்து மகள் வெளியே வந்தாள்.

“அது கேப்டன்மாருக்குங்க ஐயா. அவுகளே தெனம் எட்டு மணி நேரம் பறக்க முடியாது, சட்டம் விடாது. எனக்கு இன்னும் வேலையே கெடைக்கல.”

ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும், அதற்குப் பெரும்பாலும் நாமே பணம் கட்ட வேண்டும், அதன் பிறகும் தேர்வு உண்டு, தன்னைப்போல் உரிமத்தோடு காத்திருப்பவர்கள் ஏராளம் என்றும் பொறுமையாக விளக்கினாள். வியாபாரி கையிலிருந்த மிக்சரைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

அவர் போன பிறகு மகள் கேட்டாள்: “தோட்டத்த விக்கும்போதும் இந்தக் கணக்கத்தான் போட்டீகளாப்பா?”

ஆமாம் என்றேன். சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல.”

மறுநாளிலிருந்து மீதித் தோட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் தனிப் பயிற்சிக்காக இதையும் விற்று, அதற்குப் பிறகும் வேலை வராவிட்டால் என்ற நினைப்பே ஓடியது.

போன வாரம் ஒரு விமான நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. போனில் பேசி முடித்துவிட்டு அவள் இறங்கி வந்த வேகத்தை வைத்து விடையை ஊகிக்கப் பார்த்தேன். பதினாறு படியிலும் ஒன்றும் பிடிபடவில்லை. தேர்வாகியிருந்தாள். தனிப் பயிற்சியை அவர்களே தருகிறார்கள். அது முடியும்வரை உதவித்தொகை மட்டும்தான். தேறாவிட்டால் அதுவும் கிடையாது. மீதித் தோட்டம் தப்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்வீட்டுக்காரர், தினமும் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவர், விசாரிக்க வந்தார். இந்த முறை எதையும் பெருக்காமல், உதவித்தொகையை உள்ளபடியே சொன்னேன். ஜீப்புச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டார்:

“பாப்பாவுக்கு ஜீப்பு ஓட்ட வருமா சார்? எங்க மொதலாளி அத விடக் கூடத் தாராக.”