ஐந்து நிமிடப் பூட்டு

தெலுங்குப் பக்கம், ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் கணினிப் பிரிவில் இருந்தேன். என் மேஜையில் உட்கார்ந்தபடியே ஒரு மாற்றம் செய்தால் கம்பெனியின் எல்லாக் கணினிகளிலும் அமலுக்கு வந்துவிடும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஒரு திங்கட்கிழமை, ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி அமைத்தேன். வேலை செய்துகொண்டிருந்தவரின் பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே மருந்துகளைப் பரிசோதிக்கும் லேபிலிருந்து ஒரு பெண் வந்தாள். அதே ஊரில், திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் தமிழன் என்று தெரிந்த நாளிலிருந்து அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணா, எங்க லேபுக்கு இந்த லாக் நக்கோ, வேணவே வேணாம். ஒரு டெஸ்ட் ஓடி முடிய நாலு மணி நேரம் ஆவுது. ரெண்டு மணிக்கு என் ஷிப்ட் முடிஞ்சிடும். அடுத்து வர்றவங்க எப்படித் திறப்பாங்க?”

“எங்களைக் கூப்பிடச் சொல்லும்மா. வந்து திறந்து விடுறோம்.”

“நீங்க திறந்தா என் லாகின் க்ளோஸ் ஆயிடுது, ஓடிட்டிருக்கிற டெஸ்டும் போயிடுது. நேத்தே பாத்துட்டோம்.”

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கேட்டவருக்கெல்லாம் விலக்கு கொடுத்தால் என் கெத்து என்ன ஆவது? மெயில் போடச் சொன்னேன். மாலையே விவரமாகப் போட்டாள். விலக்கு கிடையாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன்.

லேபில் வேலை நிற்க முடியாது. அதனால் அவள் தன் பாஸ்வேர்டை அடுத்த ஷிப்டிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். நாளடைவில் எல்லோரும் அவள் லாகினிலேயே வேலை பார்த்தார்கள். லேப் சூப்பர்வைசருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

சில மாதங்கள் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்: தங்கை கல்யாணத்துக்காக அவள் லீவில் இருந்த மூன்று நாட்களிலும் அவள் பெயரில் பரிசோதனைகள் பதிவாகியிருந்தன. மருந்துத் தொழிலில் இதற்கு மன்னிப்பே இல்லை.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தேன், பூட்டை எடுக்கச் சொல்லி முன்பே மெயில் போட்டிருக்கிறேன் என்று அவள் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது என்பது விதி, அவர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றேன். அந்த மெயில் எங்கே என்று கேட்டார்கள். அவள் மெயில் கணக்கை ஏற்கெனவே முடக்கியிருந்ததால் அவளால் எடுத்துக் காட்ட முடியவில்லை. “தேடிப் பார்க்க வேண்டும்” என்றேன். தேட என்ன இருக்கிறது, என் பதிலோடு அது பத்திரமாக இருந்தது. அப்புறம் யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் போன்ற கோழைகளுக்கு அந்த மௌனம் போதும்.

அன்று மாலை அவளிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். ஜீடிமெட்லாவில் இந்த மாதிரிச் செய்தி ஒரு வாரத்தில் எல்லாக் கம்பெனிக்கும் போய்விடும். வேறு லேபில் அவளை யார் எடுப்பார்கள்?

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். லேப் கணினிகளுக்கு மட்டும் அந்தப் பூட்டை எடுத்துவிடச் சொன்னார். பரிசோதனை மென்பொருளிலேயே ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்வார்களாம். பத்து நிமிடத்தில் முடித்தேன். இப்படி ஒரு மாற்றம் செய்தால் படிவம் நிரப்ப வேண்டும். அதில் கோரியவர் என்று ஒரு கட்டம் உண்டு. மேலாளர் பெயரை எழுதினேன்.