கவுன் ஓரத்தில் வைத்த மஞ்சள்

தொண்ணூறுகளில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். என் அக்கா அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அவளுக்கும் அவள் மகளுக்கும் அந்த வேலைதான் சோறு.

ஒருநாள் எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. முதலாளிக்கு இங்கிலீஷ் வராது, நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக் கவுன் ஒன்றில், கவருக்குள்ளேயே, ஏதோ மஞ்சள் தூள் தடவியிருந்ததாம். வாங்கிய அம்மா பயந்துபோய்ப் போலீசுக்குப் போய்விட்டாளாம். விஷமா என்று சோதிக்கிறார்களாம்.

படிக்கும்போதே யார் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் வீட்டில் யாரையும் உடுத்தவிடாதவள் என் அக்கா.

முதலாளி பேக்கிங் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவள் மறைக்கவில்லை.

"ஆமாங்க, நாந்தான் வெச்சேன். லாட்டுல மொதத் துணிக்கு மட்டுந்தானுங்க. கைக்கொழந்தை போடறது, வெறுந்துணியா எப்படீங்க அனுப்பறது?"

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "வெறும் மஞ்சத்தான், எங்க வழக்கம்னு அடிச்சு அனுப்பப்பா" என்றார். தெரிந்த நல்ல இங்கிலீஷையெல்லாம் போட்டுக் கெஞ்சினேன். பதில் வந்தது. சோதனையில் மஞ்சள்தான் என்று தெரிந்துவிட்டதாம், மகிழ்ச்சியாம். ஆனால் கடைக்குப் போகும் பொருளில் யாருக்கும் தெரியாமல் கைவைப்பதே அவர்கள் ஊர்ச் சட்டப்படி குற்றமாம். கைவைத்தவரை வேலையிலிருந்து நிறுத்தினால்தான் அடுத்த ஆர்டராம்.

வந்த ஆத்திரத்துக்கு அந்த ஃபேக்ஸ் மெஷினைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அதன் மேலேயே ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தன.

"நான் என்னப்பா பண்றது? இத்தனை பேரு ஊட்டுல ஒல கொதிக்கோணுமல்ல" என்றார் முதலாளி. அவர் சொன்னதில் தப்பில்லை. பெற்றவள் பயந்ததிலும் தப்பில்லை. திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்காமல் நின்றேன்.

வேலை போன சேதியை நானே அக்காவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏங்கண்ணு, அந்தத் துணியக் கொழந்தைக்குப் போட்டாங்களாமா?"

அது போலீஸ் ஸ்டேஷனில் சீல் வைத்த பைக்குள் கிடக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போட்டாங்கக்கா" என்றேன்.

"அப்பச் சரி" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.