உரசிப் பார்த்த கடிகாரம்

செத்துப்போன மனுஷனைப் பொய்யன் என்று சொல்ல ஒருத்திக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

மலேசியாவின் குளுவாங்கில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கும் கெர்ட்ரூட்டுக்கு, கணவர் செபஸ்தியன் விட்டுப்போனது ஒரு மகளும் ஒரு கடிகாரமும்தான். ரயிலில் கார்டாக இருந்த அவருடைய தாத்தாவின் வெள்ளிப் பாக்கெட் கடிகாரம் அது. சங்கிலி எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் சாவி கொடுத்தால் இன்றும் ஓடும். படுக்கையில் கிடந்தபோது செபஸ்தியன் கேட்டது ஒன்றே ஒன்று. "ஷர்மைனைக் கட்டிக்கப் போற பையனுக்கு இதைத்தான் போடணும், கெர்ட்டி."

நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுவது வழக்கம். கடையில் புதிதாக வாங்கிப் போடுவார்கள். கெர்ட்ரூட்டோ, சிம்பாங் ரெங்கத்திலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் பிரேமலாவிடம், கணவரின் ஆசையைச் சொல்லி இதைக் காட்டினாள். "வீட்டுப் பெரியவங்ககிட்ட காட்டிட்டுத் தர்றேன் சம்பந்தி" என்று பிரேமலா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் நாலு பேர் நிற்கும்போதே, மகனோடு குளுவாங்குக்கு வந்திருந்த அவள் வாய் திறந்தாள்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. பின்மூடியைத் திறந்து பார்த்தோம். வெள்ளி முத்திரையே இல்ல லா. டூப்ளிகேட். உங்க வீட்டுக்காரர் யாருகிட்டயோ ஏமாந்துட்டாரோ, இல்ல உங்ககிட்ட கதை விட்டாரோ!"

கெர்ட்ரூட்டின் முகம் எரிந்தது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை லெஸ்லி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் எஞ்சினியராம்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

"பெண்ணைக் கேட்டு வந்தீங்களா, அடகுக்கடை வைக்க வந்தீங்களா?" என்றாள் கெர்ட்ரூட். "என் புருஷன் கதை விட்டாரா இல்லையான்னு பார்த்துருவோம். நீங்களும் வாங்க. உங்க மகனையும் கூட்டிட்டு வாங்க. என் கண் முன்னால திறக்கணும்."

உலு திராமில் பழைய கடிகாரங்களை வாங்கி விற்கும் ராஜசேகரனிடம் கடிகாரத்தோடு எல்லோரும் போனார்கள். மேசையில் கறுப்புத் துணி விரித்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு அவர் பின்மூடியைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"யாரும்மா இதை இப்படித் தேய்ச்சது?"

"நான்தாங்க. ஈஸ்டருக்கு முதநாள் குருசையும் மெழுகுவர்த்தித் தண்டையும் புளி போட்டுத் தேய்ப்போம்ல? அதோட இதையும் தேய்ப்பேன். உள்பக்கம் கறுத்துக் கிடந்தா எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

"அலமாக்!" ராஜசேகரன் தலையில் கை வைத்தார். "வருஷா வருஷமா?"

பிரேமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரசம் வைக்காம விட்டாங்களே!"

ஷர்மைன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் செய்த சுத்தமே கணவரின் பேரைத் துடைத்துவிட்டதா? கெர்ட்ரூட் மேசைமேல் குனிந்து மூடியை உற்றுப் பார்த்தாள்.

ராஜசேகரன் விளக்கைச் சாய்த்தார். வெளிச்சம் மூடியின் மேல் படுக்கைவாட்டில் விழுந்தது. "கொஞ்சம் இருங்க... முத்திரை போகல. நிழலாட்டம் நிக்குது. நம்பரும் தெரியுது." உள்ளே இயந்திரத்தின் தகட்டைப் பார்த்தார். "அதே நம்பர். கூடு ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு ஒட்டவைச்ச சரக்கு இல்ல இது. திருகாணித் தலை ஒண்ணுகூடச் சிதையல. முகப்பு பழைய பீங்கான், ஆறாம் எண்கிட்ட மயிரிழை விரிசல். அதுக்கு மேல சாயம் அடிக்கல. நிமிஷ முள்ளு மட்டும் பிறகு மாத்தினது, மணி முள்ளோட நீல நிறத்துக்கு ஒத்துப்போகல. மத்ததெல்லாம் அசல்தான்."

கெர்ட்ரூட் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணீர் கரகரவென்று இறங்கியது. படுக்கையில் கிடந்தவர் சொன்னது அத்தனையும் உண்மை!

பிரேமலாவோ ஒரு நொடிகூட வெட்கப்படவில்லை. "அப்போ நல்லதாப் போச்சு சம்பந்தி! சந்தேகம் தீர்ந்துச்சு. நிச்சயத்தன்னிக்கு ஜம்முனு போட்டுருங்க" என்று கடிகாரத்தை எடுக்கக் கையை நீட்டினாள்.

அவள் கை வந்து சேர்வதற்குள் கெர்ட்ரூட் அதைக் கைக்குட்டையில் சுற்றிவிட்டாள்.

"மாப்பிள்ளைக்குக் கடிகாரம் உண்டு. இது இல்ல. இது என் மககிட்ட இருக்கும்."

"என்ன சம்பந்தி, இதுக்கெல்லாமா கோவம்?"

"கோவம்தான்."

நிச்சயம் நடந்தது. ஷர்மைனுக்கு லெஸ்லியைப் பிடித்திருந்தது. அதற்கு யார் என்ன செய்வது? மோதிரம் மாற்றியதும் சபையே பார்க்க, கெர்ட்ரூட் புதுப் பெட்டியைத் திறந்து, கடையில் வாங்கிய கைக்கடிகாரத்தை லெஸ்லியின் மணிக்கட்டில் கட்டினாள். பிறகு பிரேமலாவிடம் போய் ஓர் அட்டையை நீட்டினாள்.

"கேரண்டி கார்டு, சம்பந்தி. பத்திரமா வைங்க. இனிமே எதையும் திறந்து பார்க்க வேணாம்."

பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பிரேமலாவுக்கு அட்டையை வாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் லெஸ்லி தயங்கித் தயங்கி வந்து நின்றான். "ஆன்ட்டி, அம்மா செஞ்சது தப்பு. சாரி."

கெர்ட்ரூட் அவன் தட்டில் கறியை அள்ளி வைத்தாள். குரல் மட்டும் இளகவில்லை.

"இதைக் கோயில் வாசல்லயே சொல்லியிருக்கணும், தம்பி. சாப்பிடுங்க."