மஞ்சள் வேட்டியைக் கடிக்கும் நாய்

திருத்தணி மலைப்படி தொடங்கும் இடத்திலிருந்து நாலு கடை தள்ளி, இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து பூக்கட்டி விற்றவள் பாஞ்சாலி. அந்தப் படியில் ஏறுகிறவர்களெல்லாம் பக்தர்கள் என்று நமக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றியதில்லை. "கேக்கறதுக்குப் போறானுங்க. குடுக்கறதுக்குன்னு ஒருத்தன் போயி நான் பாத்ததில்ல" என்பாள். முடியைக் கொடுக்கிறார்களே என்று யாராவது சொன்னால், "மறுபடி மொளைக்கும்னு தெரிஞ்சிதான குடுக்கறான்" என்று அடுத்த முடிச்சைப் போடுவாள்.

முழம் அளக்கும்போது அவள் கை குறைத்ததில்லை, வாய்தான் கூடுதலாகப் போகும். தெருவில் அவளுக்கு அரளி என்று பட்டப்பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பேர் வைக்கக்கூட இவர்களுக்கு எதிரில் கிடக்கும் கூடையைத் தாண்டி யோசிக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

மனிதர்கள்மேல் அவளுக்கு மரியாதை போனதற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பு வெட்டும் குடும்பம். தம்பி விஜயனை வயலில் ஒரு நாய் கடித்தது. ஊரே கூடி வேர் கட்டியது, மந்திரித்துத் தாயத்துப் போட்டது, பத்தியம் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஒன்பதாவது வாரம் ஒரு சொம்புத் தண்ணீரைப் பார்த்து அலறி அலறியே செத்தான். கடித்த அன்றே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். அழுது முடித்தபின் பாஞ்சாலிக்கு மிஞ்சியது இளக்காரம்தான். அது அவளை விட்டுப் போகவே இல்லை.

இப்போது நாய்க்கு வருவோம். அது காவி நிறத்தில் ஒரு தெரு நாய், ஒரு காது மடிந்தது. டீக்கடைத் தங்கவேலுக்கு அது மணி. வளையல் கடைக்காரருக்கு டைகர். அரசமரத்துப் பிள்ளையாருக்குப் பூசை செய்யும் தணிகைமணி அதை பைரவர் என்று கும்பிட்டுப் பிஸ்கட் போடுவார். பாஞ்சாலி பேரும் வைக்கவில்லை, பிஸ்கட்டும் போடவில்லை. "வர்றவன் போறவனுக்கெல்லாம் வாலாட்டினா அது இன்னா ஜென்மம்" என்பது நாயைப் பற்றி அவள் கருத்து.

அவள் கடைக்கு நேர் எதிரே ஸ்ரீதரின் சாப்பாட்டுக் கடை. ஊருக்கு வெளியே நிலம், தெருவில் கடை, கழுத்தில் சங்கிலி, வாயில் எப்போதும் சட்டம். ஆடிக் கிருத்திகைக்கு அந்தத் தெருவிலிருந்து கிளம்பும் காவடிகளில் முதல் காவடி ஸ்ரீதர் குடும்பத்துடையது. அவன் அப்பா எடுத்தார், இப்போது அவன் எடுக்கிறான். மாலை போட்டுக்கொண்ட நாளிலிருந்து யார் எதைத் தொடலாம், எங்கே உட்காரலாம் என்று தெருவுக்கே விதி சொல்லுவான். மாலை போட்டவனை நாய் தீண்டினால் விரதத்தில் குறை, மாலையைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் அவன் சொன்ன விதிதான். இரண்டு வருஷத்துக்கு முன் அதே நாய் விளையாட்டாகத் தங்கவேலின் முழங்காலைப் பிராண்டியதற்கு, நடுத்தெருவில் நிறுத்தி மாலையைக் கழற்ற வைத்தான். தங்கவேல் அன்று அழுததை பாஞ்சாலி பார்த்தாள். அழுதவனை மதிக்கவில்லை, அழவைத்தவனை அதைவிட மதிக்கவில்லை.

இந்த வருஷம் ஆடி மூன்றாம் தேதி காலை, ஸ்ரீதர் கழுத்தில் விரத மாலையும் புது மஞ்சள் வேட்டியுமாகக் கடை வாசலுக்கு வந்தான். வாசற்படியில் நாய் படுத்திருந்தது. சாமிக்குச் சமைக்கிற இடத்தில் நாயா என்று, இட்லிப் பானையில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை எடுத்து அதன் முதுகில் ஊற்றினான். நாய் துள்ளி எழுந்து அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடியது. பார்த்தவர்கள் இரண்டே பேர்: உள்ளேயிருந்து அவன் மனைவி பிரேமா, எதிரேயிருந்து பாஞ்சாலி.

ஸ்ரீதர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனான். பூக்காரியையும் அவன் பார்த்தான்தான், ஆனால் அவளை ஒரு கண்ணாக அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று மத்தியானமே பாஞ்சாலி கடைக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்.

"நைனா, ஆஸ்பத்திரில போயி ஊசி போட்டுக்க."

"இன்னா ஊசி?"

"நாய் கடிச்சதுக்கு."

"எந்த நாய் யாரக் கடிச்சுது? வண்டி சைலன்சர் சுட்டுச்சுக்கா. நீ போயி பூவக் கட்டு."

பிரேமா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள். பாஞ்சாலி திரும்பி வந்துவிட்டாள். கழுத்தில் கிடக்கிற மாலைக்காகக் கழுத்தையே கொடுக்கத் துணிந்த ஒருவனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தம்பியாவது தெரியாமல் செத்தான். இவனுக்கு எல்லாம் தெரியும்.

வெந்த முதுகோடு சுற்றிய நாய்க்கு அன்றிலிருந்து மஞ்சள் வேட்டியைக் கண்டால் ஆகவில்லை. எட்டு நாளில் மூன்று பேரைக் கடித்தது. ஒருவர் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர், மற்ற இருவர் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மூவரும் தெருவைத் திட்டித் தீர்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிருத்திகைக்கு லட்சம் பேர் மஞ்சளில் வருவார்கள். நாயை என்ன செய்வது என்று முடிவெடுக்க அரசமரத்துப் பிள்ளையார் முன்னால் தெரு கூடியது.

நேற்றுவரை மணி, டைகர், பைரவர் என்று மூன்று பேர் இருந்த நாய்க்கு அன்று சாயங்காலம் ஒரு பேரும் இல்லை. "யாரு ஊட்டு நாயோ" என்று தங்கவேல் ஆரம்பித்தான். விஷம் வைக்கலாம் என்றார் வளையல் கடைக்காரர். யார் வைப்பது என்று கேட்டதும், குப்பை அள்ள வரும் சுப்பனிடம் சொல்லலாம் என்றார். பாவம் வந்தால் சுப்பனுக்கு வரட்டும் என்பது அதன் அர்த்தம். சுப்பன் அங்கேயே விளக்குமாறோடு நின்றிருந்தான். "எனக்கும் புள்ள குட்டி கீது சாமி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அந்தக் கூட்டத்தில் உருப்படியாகப் பேசியவன் அவன் ஒருவன்தான் என்று பாஞ்சாலி நினைத்தாள்.

"நகராட்சிக்கு ஒரு போனு போட்டா வண்டி வந்து புடிச்சிகினு போவும்" என்றாள் பாஞ்சாலி.

"போன் போட்டவன் பேர எழுதிக்குவான். அப்புறம் நாயி அவன் நாயின்னு ஆயிடும்" என்றான் தங்கவேல். எல்லோரும் தலையாட்டினார்கள். பூனைக்கு மணி கட்டுகிற எலிகளாவது கொஞ்சம் யோசித்திருக்கும்.

ஸ்ரீதர் முன்னால் வந்தான். எட்டு நாளாக அவன் நடையில் ஒரு சாய்வு இருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை. "கோணில கட்டி ஆட்டோல போட்டு நகரி தாண்டி உட்டுட்டு வந்துருவோம். நம்ம ஊரு எல்லைக்கு அந்தாண்ட போனா நம்ம பொறுப்பு இல்ல. நானே இட்டுகினு போறேன்."

பைரவரை ஊரைவிட்டு விரட்டினால் தோஷம் என்று தணிகைமணி தயங்கினார். கடைசியில், சாமியையே கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை மல்லி, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் நாய் இங்கேயே இருக்கும், சிவப்பு வந்தால் எல்லை தாண்டும். தாங்கள் எடுக்க வேண்டிய முடிவைத் தும்பிக்கைக்காரரின் தலையில் கட்டியதில் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. பொட்டலம் கட்டச் சொல்லி பாஞ்சாலியைக் கூப்பிட்டார்கள்.

அவள் கூடைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். நாய் போய்விட்டால் ஸ்ரீதருக்கு எல்லாம் முடிந்த மாதிரி. சாட்சியும் இல்லை, பயமும் இல்லை. காவடி எடுப்பான், மலையேறுவான், ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து அலறுவான். நாய் எதிரிலேயே கிடந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்காவது பயம் அவனை ஆஸ்பத்திரிக்குத் துரத்தும். இந்த முட்டாளுக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் விஜயனும் முட்டாள்தான். வாழையிலைத் துண்டு இரண்டு கிழித்து, இரண்டிலும் மல்லியை வைத்து, நாரால் இறுக்கிக் கட்டினாள்.

தங்கவேலின் ஐந்து வயது மகள் மோனிஷா எடுத்தாள். வெள்ளை.

"மூணு தபா போட்டாதான் செல்லும்" என்றான் ஸ்ரீதர்.

பிரித்ததை பாஞ்சாலியே திரும்பக் கட்டிக்கொடுத்தாள். குழந்தை மறுபடி எடுத்தது. மறுபடி வெள்ளை. தணிகைமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்ரீதருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து பிள்ளையார் காலடியிலிருந்த மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிய்த்தான். அதிலிருந்தும் மல்லிதான் கொட்டியது.

தணிகைமணி கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"சாமிகிட்டயே ஏமாத்தறியா" என்று ஸ்ரீதர் மெதுவாகக் கேட்டான்.

"ஆங். ஏமாத்தினேன்" என்றாள் பாஞ்சாலி. "எட்டு நாளா நீ ஏமாத்தறத எட்டு நிமிசம் நான் ஏமாத்தினேன். வேட்டியத் தூக்கிக் காலக் காட்டு."

"இன்னா பேசறா இவ?"

"ஐயரே, கற்பூரம் ஏத்துங்க. நாயி என்னக் கடிக்கலன்னு சொல்லி இவரு அணைக்கட்டும். நான் இந்தத் தெருவ உட்டே போயிடறேன்."

தணிகைமணி தட்டில் கற்பூரம் ஏற்றினார். ஸ்ரீதர் தட்டைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். தங்கவேல் அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்ரீதரின் கை எழுந்து நெருப்பை நோக்கிப் போனது. அணைத்திருப்பான். முதல் காவடிக்காக அந்த மனிதன் பொய்ச் சத்தியமும் செய்வான், செத்தும் போவான் என்று பாஞ்சாலிக்கு அந்த நொடியில் உறுதியாகத் தெரிந்தது. முதன்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

பிரேமா கூட்டத்துக்குள் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கடிச்சுது. ஆடி மூணாந்தேதி காலையில. நான் பாத்தேன்" என்றாள். "காலு வீங்கி சீழ் வெச்சிகினு கீது."

ஸ்ரீதர் அப்படியே தரையில் உட்கார்ந்தான். உடனே எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். மாலையைக் கழற்ற வேண்டுமா, பரிகாரம் உண்டா, முதல் காவடி இனி யாருக்கு என்றுதான் பேசினார்கள். தங்கவேலின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. புண்ணை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாஞ்சாலிதான் ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தாள். பிரேமா அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர்கள் போன பிறகும் ஒரு மணி நேரம் காவடிப் பேச்சு ஓடியது.

மறுநாள் பிரேமாவே நகராட்சிக்குப் போன் செய்தாள். வண்டி வந்தது, நாயைப் பிடித்துப் போனது. பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள், வெறி இல்லை. கருத்தடை செய்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, தடுப்பூசியும் போட்டு, காது நுனியில் அடையாளமாகச் சின்ன வெட்டு வைத்து, கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள் அதே அரசமரத்தடியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கே வேண்டாம் என்று தெரு மறித்தது. வெறி இல்லாத நாயைப் பிடித்த இடத்தில்தான் விட வேண்டும், சட்டம் அப்படி என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார்.

பூக்காரிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. சாமிக்கு முன்னால் பொய்ப் பூ கட்டியவள் கையால் பூ வாங்கினால் விளங்காது என்று ஸ்ரீதர் சொன்னான். மாலையைக் கழற்றிய கழுத்தோடு, வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சொன்னான். தெரு ஒப்புக்கொண்டது. அவளுடைய வாய்க்குப் பயந்து இத்தனை வருஷம் கிடந்தவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முதல் காவடி எடுத்துத் தன் கழுத்தும் நிமிர்ந்துவிட்ட தங்கவேல், "கடிக்கறத எப்படி தெருவுல வெச்சிக்கறது" என்றான். அவன் எதைச் சொன்னான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாஞ்சாலி சண்டை போடவில்லை. தன்னோடு சண்டை போடுவதற்கும் இவர்களுக்கு ஒரு தகுதி வேண்டும் என்று நினைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். அங்கே பாதி வியாபாரம்கூட இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் ஒரு மூச்சு அழுதாள், அதை யாரும் பார்க்கவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாள் பிரேமா அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். இரண்டு முழம் மல்லி கேட்டாள். பாஞ்சாலி அளந்தாள், வழக்கம்போல் கை தாராளமாகவே போனது.

"நாலாவது ஊசியும் இன்னிக்கிப் போட்டாச்சுக்கா" என்றாள் பிரேமா. "இனிமே பயம் இல்லன்னு சொல்ட்டாங்க."

"ம்."

"உன்னப் பத்தி அவரு பேசினதெல்லாம்..." என்று ஆரம்பித்தாள் பிரேமா. பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாய்க்கு எத்தினி ஊசி போட்டாங்களாம்?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"அதுக்கா? ஒண்ணுதான்."

பாஞ்சாலி அடுத்த முழத்துக்கு நாரை எடுத்தாள்.

"அதுக்கு ஒண்ணு போதும்" என்றாள்.