மாப்பிள்ளையின் ஊரை விசாரித்த கதை

சின்னம்மாவுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தங்கையான அவரும் நானும் கனடாவில் மொன்ட்ரியால்-நோரில் இருந்த எங்கள் வீட்டில் ஒரே அறையில்தான் படுப்போம். காலையில் என் தலையைப் பின்னிவிட்டு, ஒளித்துக்கொள்ளும் கையுறையைக் கண்டுபிடித்துத் தந்த பிறகுதான், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தன் கார்தெரி வேலைக்கு ஓடுவார். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. ஆகவே மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

சின்னம்மாவோ இரண்டு தரம் அவருடன் போனில் கதைத்துவிட்டு, நல்ல மனிசனாகத்தான் தெரிகிறது என்றார். அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் குழம்பிய செய்தியெல்லாம் சின்னம்மாவுக்கு முதலே மாதா கோயில் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, ஆள் மாறி ஆள் வந்து, "இதுவும் சரிவரேல்லையோ பிள்ளை?" என்று கேட்பார்கள். சின்னம்மா சிரித்துக்கொண்டே பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

எங்கள் ஆட்களிடம் கலியாணம் என்றால் விசாரிப்பு இல்லாமல் நடக்காது. மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் யாராவது தெரிந்தவர் இருப்பார். ஒரு போன் போட்டால் மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதுவரை வந்துவிடும். இந்த மாப்பிள்ளையோ கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் உழவு மெசின் திருத்திக்கொண்டிருந்தார். ஊரின் பெயரை அப்பா இரண்டு தடவை ஒரே மாதிரி உச்சரித்ததில்லை. மெல்பேர்னில் இருந்த அப்பாவின் சிநேகிதர், தான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்று கைவிரித்துவிட்டார். கடைசியில், ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் ஊரையே விசாரிப்போம் என்று அப்பா முடிவெடுத்தார். வீட்டில் இன்டர்நெட் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்து தேடத் தேட எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதைவிட மோசமான ஊரை நானே கற்பனை செய்திருக்க முடியாது. ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், நான் கீறிய படத்தை மேசையில் விரித்தேன். ஒரு தெரு, ஒரு தானியக் களஞ்சியம், ஒரு மண்டபம், மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓர் ஓடை. மிச்சமெல்லாம் வெறும் தாள். ஆதிக்குடிகள் வைத்த பெயருக்குத் தண்ணீர் நிற்கும் இடம் என்று பொருள் என்றதும் அப்பா கொஞ்சம் தெம்பானார். பிறகு வெள்ளைக்காரர் பொன் தோண்ட வந்ததையும், பொன் முடிந்ததும் போனதையும் சொன்னேன். ரயில் வந்தது, அதன் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் தபால் கந்தோரும் பூட்டியாகிவிட்டது. அங்கே இருப்பவர்கள் எங்கள் கட்டடத்தில் இருப்பவர்களைவிடக் குறைவு. கோயில் உண்டா என்று அப்பா கேட்டார். உண்டு, மாதத்தில் ஒருநாள் வேறு ஊரிலிருந்து பாதர் வருவார் என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். சின்னம்மா படத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை சின்னம்மா. கிட்டடியிலயும் இல்லை."

சின்னம்மா என் வெறும் தாளைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா. நான் போறன்" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன்: ரயில் இல்லை, பாதர் மாதத்தில் ஒருநாள்தான், கதைப்பதற்குத் தமிழாக்கள் ஒருவர்கூட இல்லை. நான் சொல்லச் சொல்லச் சின்னம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பயமுறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கலியாணத்தை நானே பேசி முடித்துக்கொண்டிருந்தேன்.