சமுகமளித்தோர் இருவர்

லண்டனில் தனக்குக் கிடைத்த உத்தியோகத்தைப் பற்றி அருள்நேசன் ஊருக்கு எழுதியதே இல்லை. எழுதினால் சிரிப்பார்கள். கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பேசத் தேவையில்லை, யோசிக்கவும் தேவையில்லை. போக வேண்டும், கதிரையில் இருக்க வேண்டும், கையெழுத்து வைத்துவிட்டு வர வேண்டும். அதற்கும் சம்பளம் தருகிற ஊர் இது!

யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து, கூண்டில் ஏறுகிற சாட்சிகளுக்குச் சத்தியம் செய்ய வேதப்புத்தகத்தை நீட்டிய மனிதர் அவர். எண்பத்து நாலில் மனைவி எமில்டாவையும் ஆறு வயது மகள் றோஸ்மலரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே குடியேறினார். இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பிறகு பத்ரிநாராயணன் என்ற கும்பகோணத்துக்காரர் அவரைத் தன் அலுவலகத்துக்கு எடுத்தார். பணக்காரருக்குச் சின்னத் தீவுகளில் கம்பனி பதிந்து, அதை நடத்தியும் கொடுக்கிற அலுவலகம்.

விஷயம் இதுதான். லண்டன் கட்டடம் ஒன்றை ஜெர்சித் தீவுக் கம்பனியின் பேரில் வாங்கிப் போட்டால் வரி குறையும். ஆனால் கம்பனி உண்மையாகவே தீவிலிருந்து நடக்க வேண்டும். இயக்குநர்கள் தீவிலே கூடி, தீவிலே தீர்மானம் போட வேண்டும். குறைந்தது இரண்டு பேர் நேரில் இருந்தால்தான் அது கூட்டம். ஒருவர் தீவுக்கார வக்கீல், கிழவர். மற்றவர் நம்முடைய அருள்நேசன். பேர் பெரிய இயக்குநர்; சாப்பாட்டுப் பெட்டியில் இடியப்பமும் சம்பலும்!

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறதுக்குப் பிளேனோ?" என்று எமில்டா விழுந்து விழுந்து சிரிப்பாள். "என்ரை மனுசன் பெரிய ஆள்தான்."

அந்தச் சிரிப்பை எண்பத்தொன்பதில் புற்றுநோய் தின்றது. மூன்றே மாதம். மார்ச் பதினாலு, செவ்வாய்க்கிழமை, அவர் தீவுக்குப் போக வேண்டிய நாள். ஒரு கட்டடத்தை விற்கத் தீர்மானம் போடும் கூட்டம், பயணச் சீட்டும் வாங்கியாயிற்று. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார்.

"என்ன மனுஷன்யா நீங்க, இதுக்கெல்லாமா பர்மிஷன் கேக்கறது?" என்றார் பத்ரிநாராயணன். "வைஃப் பக்கத்துல போய் உக்காருங்கோ. மீட்டிங் நடந்ததா எழுதிக்கலாம். அப்புறமா வந்து கையெழுத்துப் போடுங்கோ, போதும்."

பத்ரிநாராயணன் நல்லவர். நல்ல மனதோடுதான் சொன்னார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மாலை நாலு மணிக்கு எமில்டா போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி இழுத்த திரைச்சீலைக்குள்ளே அவள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த செபமெல்லாம் சொன்னார். கடைசியில் செபம் மறந்து அவள் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒருமுறை அவர் விரலை அமத்தினாள். பிறகு அமத்தவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப்பட்ட பதினொரு வயதுப் பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "அம்மா தனியக் கிடந்தோ செத்தவ?"

"இல்லையம்மா. நான் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருந்தனான்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை தேறினாள். மாரடித்து அழுகிற இரவுகளில், "திருப்பிச் சொல்லுங்கோ அப்பா" என்பாள். அவர் சொல்வார். செபம், விரல், எல்லாம். கேட்டுக்கொண்டே நித்திரையாகிவிடுவாள். தாயில்லாத வீட்டில் அவர் அவளுக்குக் கொடுத்த ஒரே சொத்து அது.

செத்தவீடு முடிந்து அலுவலகம் போன அன்று, மேசையில் கிடந்த கூட்ட அறிக்கையில் கையெழுத்து வைத்தார். ஜெர்சி, மார்ச் பதினாலு, பிற்பகல் மூன்றரை. சமுகமளித்தோர் என்று தீவுக்காரக் கிழவர் பேரும் அவர் பேரும். வாசிக்கக்கூட இல்லை. கண் முழுக்கத் தண்ணீர், எதை வாசிப்பது?

நாலு வருடம் அந்தத் தாள் சும்மா கிடந்தது. தொண்ணூற்று மூன்றில் கம்பனியின் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி இருவருக்கும் கொளுவல். அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை, ஆகவே கட்டடத்தை விற்றது செல்லாது என்று தம்பி வழக்குப் போட்டான். தீவுக்காரக் கிழவர் அதற்குள் செத்துப்போயிருந்தார். மிச்சம் இருந்த சாட்சி அருள்நேசன்.

பத்ரிநாராயணன் ஒரே மாதத்தில் பாதியாகிப் போனார். "நெஜத்தச் சொன்னா ரெண்டு பேரும் உள்ள போயிடுவோம். உங்க விசா பேப்பர் வேற ஹோம் ஆபீஸ்ல இருக்கு. கேஸ்னு வந்துட்டா உங்களையும் பொண்ணையும் பிளேன்ல ஏத்திடுவான். ஒரே ஒரு 'ஆமா'தான் அருள்நேசன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அந்த வருடம் றோஸ்மலரைக் கொழும்பு விமானத்தில் ஏற்றுவதா? பதினைந்து வயதுக் குமர்ப் பிள்ளை! செக்பொயின்ற், சுற்றிவளைப்பு, பூசா முகாம் என்று அவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், "ஓம், சொல்லுறன்" என்றார். சாட்சி சொல்லப் போகிற நாளை மகளிடம் சொன்னாரே ஒழிய, என்ன சொல்லப் போகிறார் என்று மூச்சு விடவில்லை. "நீ வரத் தேவையில்லை பிள்ளை, உதெல்லாம் அலுப்படிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

டெம்பிள் நிலையத்தில் இறங்கி உயர்நீதிமன்றத்துக்கு நடந்தார். பன்னிரண்டு வருடம் மற்றவர்களுக்கு நீட்டிய புத்தகத்தை யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் அவருக்கு நீட்டினாள். வாங்கினார். சத்தியம் செய்தார்.

"எண்பத்தொன்பது மார்ச் பதினாலு, பிற்பகல் நாலு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று தம்பியின் வக்கீல் கேட்டார்.

"ஜெர்சியில்."

"லண்டனில் இல்லை என்பது நிச்சயமா?"

எமில்டா, என்னை மன்னிச்சுக்கொள் என்று மனதுக்குள் சொன்னார். "லண்டனில் இல்லை. நிச்சயம்."

தலையை நிமிர்த்தியபோதுதான் கண்டார். பின்வரிசை வாங்கில் பள்ளிச் சீருடையோடு றோஸ்மலர். அப்பா பெரிய நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைப் பார்க்கப் பெருமையோடு வந்த பிள்ளை. அவள் எழுந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். கூண்டிலிருந்து இறங்கி ஓடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள், பாவிகள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் குசினிக் கதிரையில் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் இருந்தாள்.

"பிள்ளை, நான் கோர்ட்டில பொய் சொன்னனான்."

"வேதப்புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டோ?"

"ஓம்."

"அதைப் பிடிச்சுக்கொண்டு ஒருத்தரும் பொய் சொல்ல ஏலாது எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்." அவள் குரல் உயரவில்லை. "அப்ப நான் சின்னப்பிள்ளை, அழக்கூடாது எண்டு, அம்மான்ரை கையைப் பிடிச்சிருந்தது எண்டு வீட்டிலதான் பொய் சொல்லியிருக்கிறியள். ஐ அண்டர்ஸ்டாண்ட், அப்பா."

"ஐயோ, இல்லை ராசாத்தி! உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயத்திலதான்..." என்று கெஞ்சினார். அவள் கேட்டாள், நம்பவில்லை. யாரைக் கூட்டிவந்து சாட்சி சொல்லச் சொல்வது? அந்தத் திரைச்சீலைக்குள் இருந்ததே இருவர். ஒருத்தி மண்ணுக்குள்.

திடீரென்று நினைவு வந்து, அலுமாரியின் அடித்தட்டைக் கிளறி எமில்டாவின் மரணப் பத்திரத்தைக் கொண்டுவந்து விரித்தார். தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில், இறந்தவரின் கணவர், மரணத்தின்போது உடனிருந்தவர் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

"பார், பிள்ளை. அரசாங்கப் பேப்பர். வடிவாய் வாசிச்சுப் பார்."

அவள் விரலை வைத்து இரண்டுதரம் வாசித்தாள். அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

"இதை எழுதினவர் ஆர்?"

"பதிவாளர்."

"அவர் அம்மாவுக்குப் பக்கத்தில நிண்டவரோ?"

"இல்லை. நான் அடுத்த நாள் அவரிட்டைப் போய்..."

"அப்ப இதுவும் நீங்கள் சொல்லித்தானே எழுதினது, அப்பா?"

"ஓம், பிள்ளை" என்றார்.

அவள் பத்திரத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து மேசையில் வைத்துவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அருள்நேசன் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே அவள் தாயோடு கதைத்து அழுவது கேட்டது.

"தனியக் கிடந்தோ அம்மா போனனீங்கள்?"