அத்தான் பார்க்காமல் விட்ட இடம்

என் அக்காவின் கணவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தால் எனக்குப் பாதி ஆயுள் போய்விடும். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். மளிகைச் சீட்டைக் கொடுத்தால்கூட எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். நானோ அவசரக் குடுக்கை. எங்கள் இருவரையும் ஒரே காருக்கு அடியில் படுக்க வைத்தது அக்காதான்.

அச்சகத்தை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. அத்தானுக்கு ஐம்பத்திரண்டு வயது. போன இடமெல்லாம் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். செய்தித்தாளை விரித்து, யாரும் கேட்காத பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். கடைசியில் ஒரு பாடநூல் பதிப்பகம் கூப்பிட்டது. பள்ளி பள்ளியாகப் போய்ப் புத்தகங்களைக் காட்ட வேண்டும், சொந்த வண்டி கட்டாயம், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நிற்க வேண்டும்.

வண்டி இருந்தது. அதற்குப் பத்தொன்பது வயது. மெக்கானிக் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்து முகம் சுளித்தார். "தார் மாதிரி இருக்கு சார். ஆயிலும் ஃபில்டரும் மாத்தாம ரோட்டுல எறக்காதீங்க. எனக்கு அடுத்த வாரம்தான் கை ஒழியும்."

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். "நீ போய்க் கூட நில்லுடா. தனியா செஞ்சார்னா புதன்கிழமைதான் முடிப்பாரு."

நான் போனபோது அவர் கையேட்டை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தோம். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு தாங்கிகள் கொடுத்து, வண்டியை அவர் மூன்று தடவை உலுக்கிப் பார்த்தார். அடித் திருகைக் கழற்றியதும் கறுப்பாக ஆயில் கொட்டியது. ஃபில்டரைக் கழற்றுவது என் பங்கு. திருகியதும் முழங்கைவரை வழிந்தது. எனக்கு எரிச்சல் ஏறியது.

"மாப்ளே, பழைய ஃபில்டரோட ரப்பர் வளையமும் சேந்து வந்துடுச்சா?"

"எல்லாம் வந்துருச்சு அத்தான், புதுச எடுங்க!"

நான் பார்க்கவே இல்லை. மற்ற நாளாக இருந்தால் அவரே தவழ்ந்து வந்து டார்ச் அடித்திருப்பார். அன்று ஏனோ தலையாட்டிவிட்டுப் புது ஃபில்டரை நீட்டினார். மாட்டினேன். அவர் அடித் திருகை இறுக்கிவிட்டு மூன்றரை லிட்டர் ஊற்றினார். நான் ஏறிச் சாவியைத் திருப்ப, அவர் குனிந்து அடியில் பார்த்தார்.

"நிறுத்து! நிறுத்துடா!"

இறங்கிப் பார்த்தேன். ஊற்றிய புது ஆயிலில் பாதி தரையில் கிடந்தது.

மறுபடி அடியில் படுத்து ஃபில்டரைத் திரும்பக் கழற்றினேன். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே புது ஃபில்டரை, அதன் வளையத்தோடு, வைத்து இறுக்கியிருக்கிறேன். இரண்டு வளையம் இருந்தால் எது பிடிக்கும்?

"நான் பாக்காமலே சொன்னேன் அத்தான். உங்க வேலைக்கு நானே உலை வச்சுட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பழைய வளையத்தைப் பிய்த்து எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார், ஏழு மாதத்தில் முதல் தடவையாக.

"நான் எத்தன பிழைய கோட்ட விட்டிருக்கேன் தெரியுமாடா? பத்தாயிரம் பிரதி வெளிய போன பிறகுதான் கண்ணுல படும். ஒண்ணும் பண்ண முடியாது. இது இன்னும் அச்சாகல. எஞ்சின் நாலு விநாடிதான் ஓடுச்சு. எந்திரி, இன்னொரு டின் வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். வளையம் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தேன், விரலால் தடவினேன், டார்ச் அடித்தேன், மறுபடி துடைத்தேன். புது ஃபில்டரை மாட்டும் முன் கூப்பிட்டேன்.

"ஒரு தடவ நீங்களும் வந்து பாருங்க அத்தான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப மாட்டு" என்று சொல்லிவிட்டு, ஆயில் ஊற்றத் தயாரானார்.

இந்த முறை சாவி அவர் கையில். நான் ஐந்து நிமிடம் தரையில் கன்னத்தை வைத்து அடியில் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு சொட்டு இல்லை. முப்பது வருடம் யாருடைய வரியையும் அப்படியே நம்பாத மனிதர், அதே நாளில் ஒருமுறை கவிழ்த்தவனின் வார்த்தையை நம்பி வண்டியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னடா சத்தத்தையே காணோம்? ஒழுகுதா?"

"இல்ல அத்தான்" என்றேன். "திங்கக்கிழமை நீங்க போலாம்."